இறுதித் தேர்வின் எடை: மலேசியக் கல்வியில் புள்ளிப் பங்கீட்டின் வரலாறு

முன்னுரை

ஒவ்வொரு கல்விப் பருவத்தின் முதல் வாரத்திலும் பல்கலைக்கழக மாணவர் கேட்கும் முதற்கேள்வி பாடத்தைப் பற்றியதன்று, புள்ளியைப் பற்றியது. இடுபணிக்கு எத்தனை விழுக்காடு, இடைப்பருவச் சோதனைக்கு எத்தனை விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு எத்தனை விழுக்காடு என்பதே அக்கேள்வி. விரிவுரையாளர் இதற்கு ஒரு வரியில் விடை கூறிவிட்டுப் பாடத்துக்குள் நுழைவது வழக்கம். அந்த ஒரு வரிக்குப் பின்னே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. கிள்ளானிலிருந்து நாள்தோறும் மின்தொடர்வண்டியில் வந்து பயிலும் மாணவி ஒருவர், பருவ இறுதியில் ஒரு தாளுடன் என் அறைக்கு வந்தார். கணினியில் அவருக்குக் காட்டப்பட்ட மொத்தப் புள்ளி 57.1. அவர் கையால் கணக்கிட்டு எழுதி வந்த புள்ளி 60.8. “கணினி தவறு செய்யுமா ஐயா?” என்று தயக்கத்துடன் கேட்டார். கணினி தவறு செய்யவில்லை, தவறு என்னுடையது. அது வகுப்பு முழுவதையும் பாதித்திருந்தது. தேர்வு மன்றக் கூட்டத்துக்கு முன்னரே திருத்த முடிந்தது நற்பேறு. அத்தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பின்னர் விளக்குவேன். இறுதித் தேர்வுக்கு நாம் தரும் எடை எங்கிருந்து வந்தது, யாருடைய நலனைக் காத்தது, யாருக்குச் சுமையாயிற்று, புள்ளிப் பதிவு மென்பொருள் காலத்தில் அது என்னவாயிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்வு நாள் பிறந்த கதை

தமிழரின் மரபுவழிக் கல்வியில் ‘இறுதித் தேர்வு’ என்று தனித்த ஒரு நாள் இருந்ததில்லை. திண்ணைப் பள்ளியில் மாணவன் நாள்தோறும் பாடம் ஒப்பித்தான். சட்டாம்பிள்ளை அதனைக் கேட்டான். முந்தைய பாடம் மனத்தில் நிலைத்தபின் அடுத்த பாடம் தொடங்கிற்று. இன்று ‘தொடர் மதிப்பீடு’ என்று புதுப்பெயர் சூட்டி அழைக்கப்படுவது அங்கு இயல்பாகவே நிலவியது. உயர்நிலையில் புலமையை அவை ஏற்றது; அரங்கேற்றம் அதன் வடிவம். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர், 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணியேற்றபோது அவர் கையில் பட்டச் சான்றிதழ் ஏதும் இருக்கவில்லை. தியாகராச செட்டியாரின் பரிந்துரையும், கல்லூரி ஆசிரியர் முன்னிலையில் பாடல்களுக்கு அவர் சொன்ன பொருளுமே அவருக்குச் சான்றாயின.

இம்மரபுக்கு நேர்மாறான ஒன்று 1857ஆம் ஆண்டு சென்னையில் தோன்றியது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் சொல்லும் இடமாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பிப்பவர் ஓரிடத்தில், மதிப்பிடுபவர் வேறிடத்தில். இறுதித் தேர்வின் எடை அங்கே நூறு விழுக்காடு. அதன் முதல் இளங்கலைப் பட்டதாரிகளாக வெளிவந்த இருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் ஆவர். பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தமிழுக்கு வாழ்வளித்த தாமோதரம்பிள்ளை, அத்தேர்வு முறையின் முதற்பேறு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இம்முறையின் குறையை இந்தியா உணர்ந்தே இருந்தது. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைச் சொல்லவேண்டுமானால் அது தேர்வுச் சீர்திருத்தமே என்னும் கருத்தை வலியுறுத்திற்று. ஆண்டு முழுவதும் மாணவர் செய்யும் பணிக்கு மூன்றில் ஒரு பங்கு புள்ளி ஒதுக்கவேண்டும் எனவும் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் இக்கருத்து பரவலாக வடிவம் பெறுவதற்கு 1978இல் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன்னாட்சிக் கல்லூரிகளே பருவமுறையையும் அகமதிப்பீட்டையும் அங்கு வேரூன்றச் செய்தன.

கப்பலேறிய விடைத்தாள்

மலாயாவுக்கு இறுதித் தேர்வு கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. 1858இல் இங்கிலாந்தில் தொடங்கிய கேம்பிரிட்ஜ் வட்டாரத் தேர்வுகள் 1891இல் நீரிணைக் குடியேற்றங்களில் இடம்பெற்றன. பின்னர் தோன்றிய கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கழகம் (1893) போன்ற ஆங்கிலப் பள்ளிகள் அத்தேர்வையே இலக்காகக் கொண்டன. வினாத்தாள் கடல்கடந்து வந்தது. விடைத்தாள் கடல்கடந்து சென்றது. முடிவுக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். பள்ளியாசிரியரின் மதிப்பீட்டுக்கு அதில் இடமில்லை.

இதனைக் காலனியாதிக்கத்தின் கொடுமை என்று மட்டும் கூறிவிடல் எளிது. அது முழு உண்மையன்று. விடைத்தாளைத் திருத்தியவர்க்கு எழுதியவரின் முகம் தெரியாது, தந்தையின் தொழில் தெரியாது, சாதி தெரியாது. தேர்வெண் ஒன்றே தெரியும். பிரிக்பீல்ட்ஸ் தொடர்வண்டிக் குடியிருப்புகளில் வாழ்ந்த எழுத்தர், தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அந்த எண் ஒரு கவசமாயிற்று. அரசுப் பணிக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் வாயில் திறந்த திறவுகோலும் அதுவே. நம் சமூகத்தில் இறுதித் தேர்வின்மீது இன்றும் நிலவும் ஏறத்தாழப் பக்தி போன்ற மதிப்புக்கு இதுவே வேர் எனலாம்.

நாடு விடுதலை பெறும் தறுவாயில் 1956இல் தேர்வு வாரியம் அமைந்தது. படிவம் மூன்றின் முடிவில் எல்.சி.இ., அதன்பின் எஸ்.ஆர்.பி., 1993 முதல் பி.எம்.ஆர்., 2014 முதல் பி.டி.3 எனப் பெயர்கள் மாறின. கேம்பிரிட்ஜுடன் இணைந்த எச்.எஸ்.சி. தேர்வின் இடத்தில் 1982இல் எஸ்.டி.பி.எம். வந்தது. தேர்வை நடத்தும் கை மாறியதேயன்றித் தேர்வின் எடை பெரிதும் மாறவில்லை.

தமிழ்ப்பள்ளியும் ஒற்றைத் தேர்வும்

ஒற்றைத் தேர்வின் எடையை மற்றெவரினும் மிகுதியாக உணர்ந்தவர் தமிழ்ப்பள்ளி மாணவர். 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வின் மலாய் மொழித் தாளில் குறித்த அளவு தேர்ச்சி பெறாதோர், முதலாம் படிவத்துக்குச் செல்லுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயிலவேண்டியிருந்தது. தேசியப் பள்ளி மாணவர்க்கு இந்நிலை இருக்கவில்லை. ஆகவே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிச் சிறுவனுக்கு அத்தேர்வின் ஒரு காலைப்பொழுது, வாழ்நாளின் ஓராண்டுக்கு ஈடாயிற்று. எந்த விழுக்காட்டுக் கணக்கிலும் அடங்காத எடை இது.

இவ்வெடையைத் தாங்கச் சமூகம் தன்னைத் தானே ஆயத்தப்படுத்திக்கொண்டது. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளராக இருந்த டாக்டர் மு. தம்பிராஜா 1982இல் தோற்றுவித்த ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் இதற்குத் தலையாய சான்று. அந்நிலையம் பத்துமலையில் நடத்திவரும் கல்வி யாத்திரை, தேர்வையும் வழிபாட்டையும் ஒருசேரப் பிணைத்தது. தமிழ் நாளேடுகள் மாதிரி வினாக்களை வெளியிட்டன. முடிவு வெளியானதும் 7ஏ பெற்ற சிறார்களின் படங்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டன. அப்படங்களுள் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றி எவரும் எழுதவில்லை.

ஒற்றைத் தேர்வு எத்துணை நொய்ம்மையானது என்பதை 2014ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு யு.பி.எஸ்.ஆர். வினாத்தாள்கள் சில கசிந்தமையால் அறிவியல், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றோடு தமிழ்த் தேர்வையும் மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. பெருந்தொற்றின் காரணமாக 2020இல் யு.பி.எஸ்.ஆர். நடைபெறவில்லை, 2021இல் அது அறவே கைவிடப்பட்டது. பி.டி.3 தேர்வும் 2022இல் அவ்வாறே நீக்கப்பட்டது.

தேர்வில் இடம் பெறாத பாடத்தின் எடை சுழியம் என்பதும் நம்மவர் பட்டறிந்த உண்மையாகும். எஸ்.பி.எம். தேர்வில் ஒருவர் எழுதக்கூடிய பாடங்கள் பத்துக்கு மேற்படலாகாது என 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப்போகும் என்ற அச்சம் எழுந்தது. சமூகம் குரலெழுப்பியபின் கூடுதலாக இரு பாடங்கள் எழுத இசைவு அளிக்கப்பட்டது. பாடம் பள்ளியில் கற்பிக்கப்படுவது மட்டும் அதன் வாழ்வுக்குப் போதாது. சான்றிதழில் அதற்கு இடம் வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

பருவமுறையின் வருகை

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அதன் இந்திய ஆய்வியல் துறை 1956இல் அமைந்து, பின்னர்க் கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது. பிரித்தானிய மரபைப் பின்பற்றி ஆண்டிறுதித் தேர்வும் வெளித்தேர்வாளர் முறையும் நிலவிய காலம் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழிவந்த பருவமுறை, பாட அலகு, ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி ஆகியவை 1990களில் இங்கு நிலைபெற்றன. ஓராண்டுப் பாடம் பதினான்கு வாரப் பாடமாகச் சுருங்கிற்று. இறுதித் தேர்வின் எடை அறுபது, ஐம்பது, நாற்பது எனப் படிப்படியே குறைந்தது. 2007இல் மலேசியத் தகுதி முகமை அமைந்தபின், எந்த மதிப்பீடு எந்தக் கற்றல் விளைவை அளக்கிறது எனப் பாடத்திட்டத்திலேயே எழுதிக்காட்டும் கடமையும் சேர்ந்தது.

ஆறாம் படிவமும் இவ்வழியே சென்றது. 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டது. ஒரே இறுதித் தேர்வின் இடத்தில் பருவந்தோறும் ஒரு தேர்வு வந்தது. பாடத்திற்கேற்ப 20 முதல் 40 விழுக்காடு வரையிலான எடை பள்ளிசார் மதிப்பீட்டுக்கு வழங்கப்பட்டது. தமிழ்மொழியும் இம்முறையின்கீழ் வரும் பாடங்களுள் ஒன்று.

இங்கு நம் சமூகத்தைப் பாதித்த ஒரு சிக்கலைச் சுட்டுதல் தகும். 2002 முதல் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை தகுதி முறைக்கு மாறியது. கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் இணைப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் என எடை வகுக்கப்பட்டது. கல்வித் தேர்ச்சி என்ற அந்த 90 விழுக்காட்டுக்குள் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என இரு வேறு வாயில்களின் முடிவுகள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டன. ஒன்று, அப்போது ஒரே இறுதித் தேர்வைச் சார்ந்திருந்தது. மற்றது, பருவங்களையும் தொடர் மதிப்பீட்டையும் கொண்டிருந்தது. இந்திய மாணவர் பெரும்பாலும் முதல் வாயிலில் நின்றனர். இரண்டாம் வாயிலில் அவர்க்கு 1,500 இடங்கள் வழங்கப்படும் என்ற அறிவிப்பு 2012இல் வந்தது. இரு வேறு எடைக்கற்களால் நிறுத்தவற்றை ஒரே தராசில் வைக்கலாமா என்பதே அக்காலத்தில் எழுந்த வாதங்களின் உட்பொருள். அது இன அரசியலாக மட்டும் பேசப்பட்டது. மதிப்பீட்டியல் வினாவாக ஆராயப்பட்டது குறைவே.

மென்பொருளின் உள்ளே

புள்ளிப் பதிவேடு நெடுங்காலம் கோடிட்ட குறிப்பேடாக இருந்தது. பின்னர் அது எக்செல் அட்டவணையாயிற்று. 2002இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்ட மூடில் என்னும் கட்டற்ற மென்பொருள், இன்று மலேசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வழங்குகிறது. அதன் புள்ளிப் பதிவேட்டில் இறுதித் தேர்வுக்கு எடை தருவது எவ்வாறு என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம்.

பாடத்திட்டம் இவ்வாறு சொல்வதாகக் கொள்வோம்: இடுபணி 20 விழுக்காடு, இடைப்பருவச் சோதனை 20 விழுக்காடு, இறுதித் தேர்வு 60 விழுக்காடு. ஒரு மாணவர் இடுபணியில் 20க்கு 18, இடைப்பருவத்தில் 20க்கு 14, இறுதித் தேர்வில் 100க்கு 48 பெறுகிறார். எடையிட்ட சராசரி முறையில் இறுதித் தேர்வின் 48, அறுபதுக்கு 28.8 ஆகிறது, மொத்தம் 60.8. எடையில்லாச் சராசரி முறையைத் தேர்ந்தால் 90, 70, 48 ஆகிய மூன்று விழுக்காடுகளும் ஒரே நிலையில் வைக்கப்பட்டு 69.3 கிடைக்கும், இறுதித் தேர்வின் எடை மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். 2014இல் வெளியான பதிப்பு முதல் வழங்கும் இயல்முறைக் கூட்டலோ, நாம் வேறு எடை குறிக்காதவரை, ஒவ்வொன்றின் உச்சப் புள்ளியையே எடையாகக் கொள்ளும். அப்போது 140க்கு 80, அதாவது 57.1. இறுதித் தேர்வின் எடை 71.4 விழுக்காடாக வீங்கிவிடும்.

ஐந்தைந்து புள்ளி இடைவெளியில் தரம் பிரிக்கும் அளவுகோலில் இம்மூன்றும் மூன்று வேறு தரங்கள். மாணவர் ஒருவரே, விடைத்தாளும் ஒன்றே. கிள்ளான் மாணவியின் தாளில் இருந்தது முதற்கணக்கு. நான் கவனியாது விட்டது மூன்றாவது. பாடத்திட்டத்தில் நான் எழுதிக் கையொப்பமிட்ட எடை ஒன்று. கணினிக்குள் இயங்கிய எடை வேறொன்று.

வெற்றுக் கட்டத்தின் பொருள் இதனினும் நுட்பமானது. மேற்கூறிய மாணவர் இடுபணியையே ஒப்படைக்கவில்லை எனக் கொள்வோம். அக்கட்டத்தில் சுழியம் இட்டால் மொத்தம் 42.8. கட்டத்தை வெறுமையாக விட்டால், வெற்றுப் புள்ளிகளை நீக்கிக் கணக்கிடும் அமைப்பு எஞ்சிய 80 விழுக்காட்டைக் கொண்டே வகுத்து 53.5 என்று காட்டும். மூடிலில் இவ்வமைப்பு இயல்பாகவே தேர்வு செய்யப்பட்டிருக்கும். பருவத்தின் நடுவில் இது பொருத்தமானதே; இன்னும் எழுதாத தேர்வுக்காக மாணவரைத் தோல்வியுற்றவராகக் காட்டலாகாது. பருவ இறுதியில் அதனை மாற்ற மறந்தால், உழைத்தவர்க்கும் உழையாதவர்க்கும் வேறுபாடு மறையும்.

சொல்லும் எடையும் செயற்படும் எடையும்

மென்பொருளைப் பிழையின்றி அமைத்துவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. பொருளியலறிஞர் எட்ஜ்வொர்த் 1888ஆம் ஆண்டிலேயே தேர்வுப் புள்ளிகளைப் புள்ளியியல் நோக்கில் ஆராய்ந்து, அவற்றில் தற்செயலின் பங்கு எத்துணை என்பதைக் காட்டினார். அவ்வழி வளர்ந்த ஆய்வுகள் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு: மாணவரை வரிசைப்படுத்துவதில் ஒரு கூற்றின் உண்மையான எடை, அதற்கு ஒதுக்கிய விழுக்காட்டை மட்டுமன்றி, அதில் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதையும் பொறுத்தது.

ஒரு பாடத்தில் இடுபணிகளுக்கு 60, இறுதித் தேர்வுக்கு 40 எனக் கொள்வோம். விரிவுரையாளர் தாராள மனத்தினராதலின் இடுபணிப் புள்ளிகள் யாவும் 46க்கும் 52க்கும் இடையில் அடங்குகின்றன. இறுதித் தேர்விலோ 10 முதல் 36 வரை பரவியுள்ளன. இடுபணியில் வகுப்பிலேயே முதலாவதாக வந்து 52 பெற்றவர் தேர்வில் 14 பெற்றால் மொத்தம் 66. இடுபணியில் கடைசியாக 46 பெற்றவர் தேர்வில் 34 பெற்றால் மொத்தம் 80. அறுபது விழுக்காடு என்று அறிவிக்கப்பட்ட இடுபணி வரிசையைத் தீர்மானிக்கவில்லை. நாற்பது விழுக்காட்டுத் தேர்வே தீர்மானித்தது. தொடர் மதிப்பீட்டுக்கு முதன்மை தருகிறோம் என நாம் பெருமிதம் கொள்ளும் பாடங்கள் சிலவற்றில் நடைபெறுவது இதுவே. எல்லார்க்கும் ஏறத்தாழ ஒரே புள்ளி வழங்கும் இரக்கம், இறுதியில் அனைத்தையும் தேர்வு நாளின் கையில் ஒப்படைத்துவிடுகிறது.

யாரை நம்புவது

வரலாற்றைத் தொகுத்து நோக்கின், எடை பற்றிய வாதம் ஒவ்வொன்றும் நம்பிக்கை பற்றிய வாதமாகவே அமைந்தது புலனாகும். இறுதித் தேர்வை உயர்த்துவோர், ஆசிரியரின் சார்பு குறித்து ஐயுறுகின்றனர். இடுபணியை உயர்த்துவோர், ஒரு நாளின் தற்செயல் குறித்து ஐயுறுகின்றனர். இரு ஐயமும் நியாயமானவையே.

2011இல் முதலாம் ஆண்டிலும் 2012இல் முதலாம் படிவத்திலும் தொடங்கிய பள்ளிசார் மதிப்பீடு இதற்கு நல்ல சான்று. ஆசிரியரை நம்பி அவர்பால் மதிப்பீட்டை ஒப்படைப்பதே அதன் கொள்கை. நடைமுறையிலோ, ஒவ்வொரு மாணவரின் அடைவையும் ஆசிரியர் இணையவழிப் பதிவமைப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. நாடெங்கிலும் ஆசிரியர் ஒரே நேரத்தில் நுழைய முயன்றதால் அமைப்புத் தடுமாறியது. நள்ளிரவில் விழித்திருந்து பதிந்த ஆசிரியர் பலர். 2014இன் தொடக்கத்தில் எதிர்ப்பு வலுத்தபின் கல்வியமைச்சு பணிச்சுமையைக் குறைத்து நடைமுறையைத் திருத்தியது. ஆசிரியரை நம்புவதாகக் கூறிய கொள்கை, அவர்க்கு மாணவருடன் செலவிட நேரமில்லாமற் செய்தது.

2020 மார்ச் மாத நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது தேர்வு மண்டபங்கள் மூடப்பட்டன. பல பாடங்களில் இடுபணியே முழு எடையையும் ஏற்றது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் நிலை தலைகீழாயிற்று. வீட்டில் எழுதும் கட்டுரை மாணவருடையதுதானா என்ற ஐயம் பெருகவே, மேற்பார்வையில் எழுதும் தேர்வை நோக்கிக் கல்வியுலகின் பார்வை மீண்டும் திரும்பியது. வாய்மொழித் தேர்வும் நினைவுகூரப்படுகிறது. பொருள் சொல்லச் சொல்லி உ.வே.சா.வைச் சோதித்த முறைக்கு நாம் மீண்டும் அருகில் வந்துள்ளோம்.

முடிவுரை

இறுதித் தேர்வுக்கு இத்தனை விழுக்காடே பொருத்தமானது என வரலாறு ஓர் எண்ணைக் காட்டவில்லை. நூறு விழுக்காட்டுத் தேர்வு தாமோதரம்பிள்ளையையும் தந்தது; புகுமுக வகுப்பில் ஓராண்டை இழந்த எண்ணற்ற சிறுவரையும் தந்தது. எனினும் மூன்று கடமைகளை வரலாறு தெளிவாகவே வலியுறுத்துகிறது. எடையை முதல் வாரத்திலேயே அறிவித்து, இடையில் மாற்றாதிருத்தல் ஒன்று. அறிவித்த எடையே மென்பொருளில் இயங்குகிறதா என்பதை ஒரு மாணவரின் புள்ளியைக் கையால் கணக்கிட்டுச் சரிபார்த்தல் இரண்டு. இடுபணிப் புள்ளிகள் மாணவரின் உண்மையான வேறுபாட்டைக் காட்டுமாறு திருத்துதல் மூன்று.

அம்மாணவி அன்று தாளுடன் வந்திராவிட்டால் அவர் வகுப்பினர் எவரும் ஐயுற்றிருக்க மாட்டார். திரையில் தோன்றிய எண்ணை உண்மையென்றே ஏற்றிருப்பர். இப்போது ஒவ்வொரு பருவத்தின் முதல் வாரத்திலும் அம்மூன்று கணக்குகளையும் வெண்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். தம் புள்ளியைத் தாமே கணக்கிடுமாறு மாணவர்க்குப் பணிக்கிறேன். நிறுப்பவர் கையிலுள்ள தராசை நிறுக்கப்படுபவரும் பார்க்க முடிதல் வேண்டும். அவ்வாறு பார்க்கக் கற்ற மாணவர், எடை எதுவாயினும், ஏமாற்றப்படார்.